ஓபன்பிளாஸ்: கட்டுவது ஒரு மெஷினில், ஓடுவது இன்னொன்றில்

ஓபன்பிளாஸ் நல்ல நூலகம். அணிப் பெருக்கலுக்கு நான் நம்புவது அதைத்தான். ஆனா அதைக் கட்டும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு.

வெறுமனே 'மேக்' என்று அடித்தால், பில்ட் நடக்கிற கணினியில் என்ன சிபியு இருக்குன்னு பார்த்து, அதற்கு மட்டுமே கம்பைல் செய்கிறது. ஒரே மெஷின் என்றால் சரி. பாதி நோடு 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ், மீதி 2013-இல் வந்த ஹாஸ்வெல் என்று கலந்திருக்கும் கிளஸ்டரில்? ஹாஸ்வெல்லில் கட்டியது பழைய நோடில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிடும். ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ கட்டளைகள் அந்தச் சிபியுவில் கிடையாது.

'டைனமிக்_ஆர்ச்=1' கொடுங்க என்பார்கள். பல சிபியுகளுக்கான கர்னல்கள் உள்ளே போகும்; ஓடும்போது பொருத்தமானதை நூலகமே எடுத்துக்கொள்ளும். கிராஷ் நின்றுவிடும். ஆனா எஃப்எம்ஏ, பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்து ஒரே தடவைதான் ரவுண்ட் செய்யும். அது இல்லாத சிபியு இரண்டு தடவை செய்யும். அதனால் ஒரே ஜாப், நோடுக்கு நோடு கடைசி இலக்கங்களில் வேறு விடை தரலாம். கிராஷாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

வேகம் முக்கியம்னா டைனமிக். எல்லா நோடிலும் ஒரே கர்னல் ஓடணும்னா 'டார்கெட்=சாண்டிபிரிட்ஜ்' போட்டு, த்ரெட் எண்ணிக்கையையும் ஒன்றாக வைங்க. எதைத் தேர்ந்தீங்கன்னு முடிவுகளோடு சேர்த்து எழுதுங்க. இது ஆய்வாளர் எடுக்க வேண்டிய முடிவு; டிஃபால்ட்டிடம் விடக் கூடாது.