தேனுவரவின் பரல்களும் கொழும்புக் கலைக்கூடமும்

போர்க்காலத்தில் மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் ஊடாகச் சம்பூருக்குப் போய்வந்தவர்களுக்குப் பரலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளில் மண் நிரப்பிய தார்ப்பரல்கள் வீதியின் இரு பக்கமும் மாறி மாறி நிற்கும். வாகனம் வளைந்து வளைந்து ஊர வேண்டும். சைக்கிளில் வருகிறவர் இறங்கி உருட்ட வேண்டும். அந்தப் பரலைத்தான் சந்திரகுப்த தேனுவர 1997இல் கொழும்பில் கலைப்பொருளாக்கினார். ஆமி உடுப்பின் கோலத்தைப் பரலின்மேல் தீட்டி, தன் பாணிக்குப் ‘பரலிசம்’ என்று பெயரும் சூட்டினார்.

தேனுவர 1960இல் காலியில் பிறந்த சிங்களவர். மொஸ்கோவில் ஓவியம் கற்றவர். தமிழருக்கு எதிரான 1983 கறுப்பு யூலை வன்முறையின் நினைவாக 1997 முதல் ஆண்டுதோறும் யூலை 23ஐ ஒட்டிக் கண்காட்சி வைத்துவருகிறார். போர் உச்சத்தில் இருந்தபோதும் சரி, 2009இல் வெற்றிக் கொண்டாட்டம் நடந்தபோதும் சரி, அந்தத் தேதியை அவர் கைவிடவில்லை. அவருடைய ஆகப்பெரிய படைப்பு இந்தப் பிடிவாதமே என்பேன். தனித்தனி ஆக்கங்கள் எல்லாம் அந்த உயரத்தை எட்டுவதில்லை. 2013இன் ‘அழகுபடுத்தல்’ கண்காட்சி எட்டியது. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்து, கொழும்பு நடைபாதைகள் பளபளத்த காலம் அது. அந்தப் பளபளப்புக்குள் இருந்த இராணுவக் கையை அவர் காட்டினார்.

குறையும் அந்தப் பிடிவாதத்தில்தான் தொடங்குகிறது. ஒரே கோலம் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது பயம் கழன்று அலங்காரம் மிஞ்சுகிறது. பரல் இருக்கிறது, பரலுக்கு முன்னால் அடையாள அட்டையோடு நின்றவர் இல்லை. 2006இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கட்டைபறிச்சான் முகாமில் தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காகக் காத்துக்கிடந்தன. அந்த அனுபவத்துக்கு அருகே வருவது ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ (2011) என்ற கலைநூல். இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன.

இந்த விலகலுக்குக் கலைக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஓவியர் ஜகத் வீரசிங்க 1999இல் நாடாளுமன்றத்துக்கு அருகே திறந்தவெளியில் எழுப்பிய அப்பாவிகளின் நினைவிடம், போர் முடிந்தபின் இருந்த இடம் தெரியாமல் போனது. தேனுவரவின் பரல்கள் பிழைத்தன. லயனல் வென்ட், சஸ்கியா பெர்னாண்டோ போன்ற கூடங்களின் சுவர்கள் அவற்றுக்குக் காப்பாக நின்றன. ஆனால் அதே சுவர்கள் பார்வையாளரையும் வடிகட்டுகின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அவரோடு உடன்படுகிறவர்கள். அரசு அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விற்பனைக்கூடம் ஒன்றோடு சேர்ந்து இயங்கும்போது எதிர்ப்பும் வாங்கி மாட்டக்கூடிய சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது.

தேனுவர ஒரு யூலையிலாவது இந்தப் பரல்களை மூதூர்ப் பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு பாடசாலை மண்டபம் போதும். தமிழில் விளக்கக் குறிப்பு இருக்கட்டும். பரலைக் கடந்து பள்ளிக்குப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவரும் கேட்க வேண்டும், அவருடைய கலைக்கூடமும் கேட்க வேண்டும்.