ஒரு வட்டாரம், ஒரு பண்பாடா? – ரோனித் ரிச்சியின் நூலை ஒரகடத்தில் வைத்து ஒரு வாசிப்பு

பல மொழியினர் ஒரு வட்டாரத்தில் கூடி வாழ்வதனாலேயே அவர்களிடையே பொதுப் பண்பாடு ஒன்று அமைந்துவிடுமா? இவ்வினாவை ஆராயப் புகுவோர் தவிர்க்கவியலாத நூல், ரோனித் ரிச்சி எழுதி 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்'. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்துத் தெளிவடைந்து இஸ்லாத்தைத் தழுவும் வரலாறு, தமிழிலும் மலாயிலும் ஜாவா மொழியிலும் எவ்வெவ்வாறு உருமாறிற்று என்பதை அந்நூல் ஆராய்கிறது. தமிழ் வடிவம், வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ஆயிர மசலா. ஷெல்டன் பொல்லாக் சமஸ்கிருதத்துக்குக் காட்டிய பன்னாட்டுப் பண்பாட்டு வெளியைப் போன்றதொன்றை ரிச்சி அரபிக்கும் காண்கிறார். அரபுச் சொற்களும் எழுத்தும் கதைகளும் எல்லைகளைக் கடந்து பரவின. ஆயினும் ஒவ்வொரு மொழியும் தன் மரபிலேயே அவற்றைப் பாடிற்று. தமிழ்ப் புலவர் தமிழ் யாப்பை விடவில்லை. இந்த முடிவை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம்.

நம் ஐயம் வேறு. ரிச்சியின் வரைபடம் கடல்வழி வரைபடம். காயல்பட்டினத்தையும் நாகூரையும் மலாக்காவோடு இணைத்துப் பார்த்துப் பழகிய நமக்கும் அதுவே இனிக்கிறது. இன்றைய இடப்பெயர்வோ இரயில்வழியில் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதற்குப் பின் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் பெருகின. பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். ஜும்ஆவுக்கு முந்திய பயான் தமிழில் நிகழும்போது வங்காளி இளைஞர் பொருள் விளங்காது அமர்ந்திருக்கிறார். குத்பாவின் அரபி தொடங்கியதும் எல்லோரும் சமமாகிவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், பெரும்பாலோர் பொருளறியாமையிலும் சமமாகிறோம்! ஸஃப்பில் அவருக்கு அருகே நிற்கும் தமிழ் முஸ்லிம் தொழிலாளி, வீட்டுக் கவலையையும் சம்பளக் குறையையும் பகிர்வது தம்மோடு பணிபுரியும் தமிழ் இந்து நண்பரிடமே. அரபி அடித்தளமாகலாம், அதன்மேல் வீடு எழுப்ப ஆயிர மசலா போன்றதொரு மொழியாக்கப் பணி வேண்டும். ரிச்சி காட்டும் ஒருமை புலவர்களும் உலமாக்களும் பல நூற்றாண்டு உழைத்து ஆக்கியது. அவர்தம் பாடலைக் கேட்ட படகோட்டியும் நெசவாளியும் அதனால் நெருங்கினரா என்பதற்கு நூலில் இடமில்லை. இதை அந்நூலின் பெருங்குறையாகவே கருதுகிறோம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பெண்கள் கணக்கிலேயே வாரார். வல்லம் வடகாலில் ஆகஸ்ட் 2024இல் திறக்கப்பட்ட விடுதி ஒன்று மட்டுமே 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது.

இவ்வூருக்கு இத்தகைய மொழியாக்கம் அந்நியமன்று. இங்குப் பிறந்த இராமானுஜர் சமஸ்கிருதத்தில் எழுதினார்; அவர் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு இருமொழி கலந்த மணிப்பிரவாள நடையில் உரை கண்டார். நம் முன்னோரின் அரபுத்தமிழும் அத்தகைய முயற்சியே. வட தமிழகத்தில் உருதுவும் தமிழும் ஒருங்கே அறிந்த முஸ்லிம்கள் பலர் இன்றும் உளர். பீகாரிலிருந்து வருவோரோடு அவர்களால் நேரே பேசவியலும். ஆனால் உருது ஜமாஅத், தமிழ் ஜமாஅத் எனப் பிரித்தெண்ணிப் பழகிய நாம், அவ்விருமொழிப் புலமையை உறவுப் பாலமாக எண்ணிப் பார்த்ததில்லை. வங்க மொழிக்கோ நம்மிடம் அந்தப் பாலமும் இல்லை.