ஊதா சுருங்கும் அந்தச் சில நிமிடங்கள்

செல் என்றதும் பரீட்சைக்கு வரைந்த படம்தான் நினைவுக்கு வரும்: ஒரு வட்டம், நடுவில் உட்கரு, சுற்றிலும் அம்புக்குறிகள். அதை மறந்துவிட்டு ஒரு ரியோ இலையைப் பறித்து வாருங்கள். மேலே பச்சை, அடியில் ஊதா. பூங்கா ஓரங்களில் வரிசையாக நட்டிருப்பார்களே, அதுதான்.

இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் மெல்லிசாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் துளி நறுக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்து, கவர் சிலிப்பால் மூடுங்கள். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கு பெருக்கம் போதும். மனு பிரகாஷ் குழு ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தை மடித்துச் செய்வது, அதிலும் தெரியும்.

முதலில் தெரிவது ஊதா ஓடு பாவிய தரை. இடையிடையே பச்சை உதடுகள், அவை இலைத்துளைகள். பலரும் இங்கேயே “அழகு” என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கவர் சிலிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் காகிதத்தால் ஒற்றி இழுங்கள். இனி ஒரே ஒரு செல்லை மட்டும் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மூலையில் ஊதா விலகி, வெறிச்சென்று ஓர் இடைவெளி விழும். அடுத்த மூலையிலும் விழும். சில நிமிடங்களில் நிறம் முழுக்க ஒடுங்கி, அடர்ந்த உருண்டையாகிவிடும். சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். வடுமாங்காய் உப்பில் நீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே சங்கதிதான். பாடப்புத்தகம் இதை ‘பிளாஸ்மா சிதைவு’ என்கிறது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. எதுவும் சிதையவில்லை, உடனே நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி மூலைவரை பரவும்.

அந்த உருண்டையின் விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது. நிறத்தை அடைத்துவைத்திருக்கும் வாக்குவோலின் சவ்வும், அதை ஒட்டினாற்போல் செல் சவ்வும் அங்கே இருக்கின்றன. செல் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். இந்த மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது. தண்ணீருக்கு வழிவிடும், உப்பை லேசில் விடாது. இதற்கு அடிப்படை கொழுப்பு மூலக்கூறுகள்: தலை தண்ணீரை நாடும், வால் வெறுக்கும். அதனால் வாலோடு வால் சேர்த்து இரண்டு அடுக்காக நிற்கின்றன. 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீரின்மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. இரட்டை அடுக்கு என்ற முடிவு அப்படிக் கிடைத்ததுதான்.

கடைசியாக, இன்னொரு துண்டுத் தோலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துப் பாருங்கள். சவ்வு கெட்டு, ஊதா வெளியே கசிந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு உப்புநீர் விட்டாலும் எதுவும் சுருங்காது.