கல்யாண வீட்டுக்கு வந்த பெண்கள்

இத்தாலிய அமெரிக்கர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கல்யாணம். 1972ல் வந்த கொப்போலாவின் 'காட்பாதர்' தொடங்குகிற கல்யாணம். தோட்டத்தில் வெயில், பாட்டு, ஒயின், ஓடித் திரியும் குழந்தைகள். உள்ளே இருட்டறையில், மகளின் கல்யாண நாளில் யாருக்கும் இல்லையென்று சொல்லக்கூடாது என்ற சிசிலிய வழக்கப்படி, தகப்பன் மனுக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே காமிரா போய்வருகிற விதத்தைப் பற்றி நாம் எல்லோரும் பேசியிருக்கிறோம். நான் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸின் பெயரை மந்திரம் போல் உச்சரித்துத் திரிந்த நாட்கள் உண்டு.

சமீபத்தில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கையும் உட்கார்ந்து பார்த்தாள். கல்யாணக் காட்சி முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏண்ணா, கல்யாணப் பொண்ணு என்ன பேசினா?"

யோசித்துப் பார்த்தேன். கானி பேசிய ஒரு வாக்கியமும் நினைவில் நிற்கவில்லை. நிற்பது அவள் கையிலிருந்த பை. மொய்க் கவர்கள் போடுவதற்கான வெள்ளை சாட்டின் பை. அதற்குள் எவ்வளவு தேறும் என்று ஒரு அடியாள் தூரத்திலிருந்து கண்ணாலேயே எடை போடுகிறான். குடும்பமாகப் போட்டோ எடுக்க நிற்கும்போது, மைக்கேல் வராமல் எடுக்கக்கூடாது என்று தகப்பன் சொல்லிவிடுகிறான். தன் கல்யாணப் போட்டோவுக்கே பெண் தன் அண்ணன் வரும்வரை காத்திருக்க வேண்டும். மணப்பெண்ணாக நிற்பவர் டாலியா ஷைர், டைரக்டரின் சொந்தத் தங்கை. அந்தக் கல்யாணத்துக்கு நடன இசை எழுதியவர் இருவருக்கும் தகப்பனார், கார்மைன் கொப்போலா. ஆக, காமிராவுக்கு முன்னும் பின்னும் ஒரே குடும்ப ஏற்பாடுதான். கொப்போலாவின் மேதைமையை நான் மறுக்கவில்லை. அந்த மேதைமை எந்த நாற்காலியில் உட்கார்ந்து கல்யாணத்தைப் பார்க்கிறது என்று இத்தனை வருஷம் நான் கேட்கவில்லை என்பதுதான் என் மேல் எனக்குள்ள புகார்.

1880க்கும் 1920க்கும் இடையே 40 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தெற்கத்திக் குடியானவர்கள். அரசாங்கம், நிலச்சுவான்தார், பாதிரி எவரையும் நம்பிப் பழக்கமில்லாத ஜனங்கள். நம்பியது ரத்த உறவை மட்டும். 1974ல் ரிச்சர்ட் காம்பினோ இவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் 'பழைய வழி' என்று அவர்களே சொல்லும் ஒரு கட்டுப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வழியில் மகன் விலகலாம், சம்பாதித்துத் திரும்பலாம். மகள் விலகினால் அது வேறு கணக்கு. படிக்க வெளியூர் போனவள், இத்தாலியன் அல்லாதவனைக் கட்டிக்கொண்டவள், கட்டிக்கொள்ளாமலே இருப்பவள் எல்லோரும் ஒருநாள் திரும்பி வந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த நாள் கல்யாண நாள். வந்த பெண்களுக்கு அது கொண்டாட்டம் இல்லை, ஆஜர் பட்டியல்.

இதை இரண்டாம் பாகத்தில் (1974) கொப்போலாவே காட்டுகிறார். அறிந்து காட்டினாரா, அறியாமலா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. லேக் டாஹோ கரையில் குடும்பம் கூடியிருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்த கானி புதிய காதலனோடு வருகிறாள், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் பணம் வேண்டும். அண்ணனைப் பார்க்க மற்றவர்களைப் போல வரிசையில் நில், முதலில் உன் பிள்ளைகளைப் போய்ப் பார் என்கிறாள் தாய். முதல் கல்யாணத்தன்று ஊரார் தகப்பனிடம் மனுக் கொடுத்த இடத்தில் இப்போது தங்கையே மனுதாரர். அவள் புருஷனைக் கொல்லச் சொன்னவனிடம்தான் இந்த மனு. வாத்தியக்காரர்களுக்கு டரன்டெல்லா வாசிக்கத் தெரியவில்லை என்று ஒரு கிழவன் அங்கே தவிக்கிறான். விமர்சகர்கள் பாரம்பரியம் அழிந்த துயரம் என்று அந்தக் கிழவனைப் பற்றி எழுதினார்கள். வரிசையில் நின்றவளைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

நம் 'நாயகன்' (1987) இந்த இடத்தில் ஒரு காரியம் செய்தது. மணிரத்னம் மகளுக்கு வாய் கொடுத்தார். அவள் தகப்பனை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். ஆனால் அவளுடைய கல்யாணம் படத்தில் இல்லை. நடந்து முடிந்தபின் தகப்பனுக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான். பேசுகிற பெண்ணுக்குக் கல்யாணக் காட்சி வைக்க நமக்கும் தெரியவில்லை.

மரியோ பூஸோ பிற்காலத்தில் ஒன்று சொன்னார்: டான் கார்லியோன் வாயைத் திறந்தபோதெல்லாம் தன் காதில் கேட்டது தன் தாயின் குரல் என்று. 'காட்பாதர்' நாவலுக்கு (1969) நாலு வருஷம் முன் அந்தத் தாயையே நடுவில் வைத்து 'தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம்' எழுதினார். அது நல்ல நாவல், அவர் எழுதியதில் சிறந்ததும் அதுதான். விற்கவில்லை. குரலைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பனுக்குக் கொடுத்ததும் உலகமே வாங்கியது. இதை விட்டு விலகி வேறு விமர்சனம் தேவையில்லை என்றுகூட எனக்குத் தோன்றும்.

1990ல் ஆலன் ஆல்டா எடுத்த 'பெட்ஸீஸ் வெட்டிங்'கில் நேராகவே இரண்டு சகோதரிகள். மூத்தவள் போலீஸ்காரி, கல்யாணமாகாதவள், இளையவளுக்குக் கல்யாணம். இந்த நிலைமையின் உள்வலி தமிழ் வாசகனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆல்டாவோ அதைத் தொட்டுவிட்டு, பந்தலுக்குச் செலவழிக்கும் தகப்பன் பக்கம் ஓடிவிடுகிறார். மூத்தவளுக்கும் கையோடு ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துச் சரிக்கட்டிவிடுகிறார். வியாபார ஸினிமா.

நான்ஸி ஸவோகாவின் 'ட்ரூ லவ்' வேறு ஜாதி. 1989ல் ஸன்டான்ஸ் விழாவின் பெரும் பரிசு பெற்ற, சின்னச் செலவில் எடுத்த படம். பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர் பிராங்க்ஸ் கல்யாணத்தை எடுத்திருக்கிறார். தோழிப்பெண்களின் உடுப்புக்குப் பொருத்தமாக உருளைக்கிழங்கு மசியலுக்குச் சாயம் ஏற்றலாம் என்று விருந்து காண்ட்ராக்டர் யோசனை சொல்கிறார். சிரிக்கிறோம். பிறகு கல்யாண ராத்திரியிலேயே சிநேகிதர்களோடு கொஞ்சம் வெளியே போய்வருகிறேன் என்கிறான் மாப்பிள்ளை. டோனா வெள்ளை கவுனோடு பெண்கள் கழிவறைக்குள் போய் அடைத்துக்கொண்டு அழுகிறாள். கொப்போலாவின் கல்யாணத்தில் கதவுக்குப் பின்னால் இருந்தது தகப்பனின் அதிகாரம். ஸவோகாவின் கல்யாணத்தில் கதவுக்குப் பின்னால் இருப்பது இந்த அழுகை. வெளியே பாட்டு அதேதான். படம் எதையும் சமாதானப்படுத்தி அனுப்புவதில்லை.

ஹெலன் பரோலினியின் 'உம்பர்டீனா' (1979) நாவலை நான் தாமதமாகத்தான் படித்தேன். கலாப்ரியாவின் கஸ்டான்யா கிராமத்தில் ஆடு மேய்த்த பெண், கல்யாணத்துக்கென்று ஒரு படுக்கை விரிப்பை நெய்யச் சொல்லி வாங்குகிறாள். அமெரிக்காவில் வறுமை நெருக்கியபோது அதை விற்கிறாள். கடைசிவரை அந்த இழப்பு அவளை விடுவதில்லை. பேத்தி மார்கரீட் அலைந்து, ஒரு கார் விபத்தில் சாகிறாள். கொள்ளுப்பேத்தி டீனா, சுதந்திர தேவி சிலையில் அப்போது இருந்த குடியேற்ற மியூசியத்தில் அந்த விரிப்பைப் பார்க்கிறாள். அழகாயிருக்கிறது என்று நிற்கிறாள். யாருடையது என்று தெரியாமலே நகர்ந்துவிடுகிறாள். இது முடிச்சுப் போட்ட நாவல். ஆசிரியை கயிறு இழுப்பது பல இடங்களில் தெரிகிறது, நடையும் சில அத்தியாயங்களில் கட்டுரையாக உலர்ந்துவிடுகிறது. இந்த ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கூடி உட்கார்ந்து போட்டோ எடுக்கும் குடும்பம் எதைத் தொலைத்தது என்று அந்தக் கண்ணாடிப் பெட்டி சொல்கிற அளவு கொப்போலாவின் தோட்டம் சொல்லவில்லை.

எனக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. நாவலுக்கு மூன்று பகுதிகள்: உம்பர்டீனா, மார்கரீட், டீனா. டீனாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், வீஸி. தாயைப் பறிகொடுத்தது அவளும்தான். அவளுக்குத் தனிப் பகுதி இல்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து அந்த விரிப்பின் முன் நின்றிருந்தால் ஒருத்தி அடையாளம் கண்டிருக்கமாட்டாளா என்று என் தங்கையிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருப்பாங்கண்ணா, எப்படிச் சேர்ந்து வருவாங்க" என்றாள்.