வாள் தெரிகிறது, கோட்டை தெரியவில்லை

போரை வரையும் சித்திரக்கதையிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். கடைசிப் பக்கம் முடியும்போது, ஜெயித்தவர் எப்படி ஜெயித்தார், தோற்றவர் எதனால் தோற்றார் என்று வாசகருக்குப் பிடிபட வேண்டும். வீரம் பெரிது, துரோகம் கொடிது என்று இரண்டே வாக்கியத்தில் எந்தப் போரையும் சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் ஹல்திகாட்டிக்கும் குளச்சலுக்கும் வித்தியாசமே இருக்காது.

உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது 1801-இல் நடந்த பாஞ்சாலங்குறிச்சி முற்றுகை. திசையன்விளைக்காரர்களுக்கு அது தூரத்து ஊர் இல்லை. திருச்செந்தூர், தூத்துக்குடி வழியாக ஓட்டப்பிடாரம் போனால் பக்கத்தில்தான். அங்கே இன்று நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. நம் மனதில் நிற்பதோ 1959-இல் பி.ஆர். பந்துலு எடுத்த படத்தில் சிவாஜி கணேசன் முழங்கிய அரண்மனை. இரண்டும் சேர்ந்து பழைய கோட்டையை மறைத்துவிட்டன.

பழைய கோட்டை மண்கோட்டை. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட பிறகு கும்பினியார் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரி 2-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சியில் சுவர் மறுபடி எழும்பிவிட்டது. படையோடு வந்த வெள்ளையர்கள் அதைக் கண்டு திகைத்துப்போனதை, அந்தப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. சுவர் ஏறக்குறைய 12 அடி உயரம்.

மார்ச் 31-இல் மேஜர் மெக்காலே பீரங்கியால் சுவரை உடைத்து, உடைப்பின் வழியாக ஆட்களை ஏவினார். ஏறியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கொத்தளம் கட்டப்பட்ட விதமே காரணம். உள்ளே அது வெறும் கூடு. உச்சியில் கால் ஊன்ற இடம் கிடையாது. கூட்டுக்குள் நின்றவர்கள் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகளால், மேலே தலை நீட்டியவனைக் கீழிருந்தபடியே குத்தினார்கள். வெளியே இருந்து சுடுபவனின் குண்டு அவர்கள்மேல் படாது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகு, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது.

எனக்கு இவ்வளவு வாக்கியங்கள் பிடித்ததை ஓர் ஓவியர் ஒரே பக்கத்தில் முடித்துவிடுவார். மேலே கொத்தளத்தின் குறுக்குவெட்டு. கீழே, உடைப்பின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாயின் விரல்கள். திரைப்படம் நமக்காக நிற்காது, ஓடிவிடும். சித்திரக்கதையிலோ நிலப்படமும் மனித முகமும் ஒரே தாளில் அருகருகே கிடக்கின்றன. வாசகர் தன் விருப்பம்போல் இரண்டுக்கும் இடையே போய் வரலாம். முற்றுகைப் போரைச் சொல்ல இதைவிடத் தோதான கலை எனக்குத் தெரியாது. அந்தக் கலை இந்த வசதியைக் கைகழுவும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

அமர் சித்திரக் கதையை எடுத்துக்கொள்வோம். 1967-இல் அனந்த் பை தொடங்கிய வரிசை; தமிழிலும் வந்தது. பாடப்புத்தகம் இரண்டு வரியில் கடந்துபோன பெயர்களுக்கு அது முகம் கொடுத்தது. தானாஜியையும் ராணா பிரதாப்பையும் தென்கோடிப் பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்திய பெருமை அதற்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாம் சுமார் 32 பக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். போருக்குக் கிடைப்பது சில கட்டங்கள். முன்னங்கால் தூக்கிய குதிரை, ஓங்கிய வாள், வாயில் ஒரு சபதம், பின்னால் கொத்தாக ஈட்டிகள். காலடியில் நிலம் என்று ஒன்று இல்லை. 1576-இல் ஹல்திகாட்டியில் ராணாவின் படை முதல் பாய்ச்சலில் முகலாயரைப் பின்தள்ளியது, பிறகு தானே பின்வாங்க நேர்ந்தது. ஏன்? குதிரை சேதக் நினைவில் நிற்கிறது. அந்தக் குறுகிய கணவாய் நிற்கவில்லை.

பக்கம் போதவில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. நம் நடுகல்லுக்கு வாய்த்தது ஒரே கட்டம். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரன் நிற்கிறான். அருகே அவன் நாய். மாடு பிடிக்க வந்த கள்வரைக் கடித்து நின்றதாக நாய்க்கும் பெயரோடு எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு பலகைக் கல்லில் இருக்கிறது.

அடுத்து, உலகமே கொண்டாடிய ‘300’. பிராங்க் மில்லர் 1998-இல் வரைந்தது. வண்ணம் லின் வார்லி. கி.மு. 480-இல் தெர்மோபைலே கணவாயில் கிரேக்கர் பாரசீகரை எதிர்த்து நின்ற போர். என் முதல் கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்கிறது. கேடயங்கள் ஒன்றோடொன்று பூட்டி ஒரே உடம்பாக நிற்பதும், இடுக்கில் பெரும்படையின் எண்ணிக்கை பயனற்றுப் போவதும் அந்த அகன்ற பக்கங்களில் பார்த்த உடனே விளங்குகின்றன. ஓவிய ஆற்றலில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனாலும் இதை நான் நம்ப மறுக்கிறேன். கடைசிவரை நின்று மடிந்த தெஸ்பியாய் நகரத்து 700 பேரை ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். மில்லரின் புகழ்மாலை முழுவதும் ஸ்பார்ட்டாவுக்கே போகிறது. கவசம் பூண்டு போரிட்டவர்களை வெற்றுடம்போடு நிறுத்துகிறார். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, காட்டிக்கொடுத்த எபியால்டஸைக் கூனனாக வரைந்திருப்பது. ஹெரோடோட்டஸிடம் அவன் பரிசுக்கு ஆசைப்பட்ட உள்ளூர்க்காரன், அவ்வளவுதான். துரோகத்தை உடம்பில் ஏற்றிவிட்டால் அரசியலை விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

நாமும் எட்டப்பனுக்கு அதைத்தான் செய்துவந்திருக்கிறோம். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு முன்பே இருந்தது. பாளையங்கள் ஒன்றையொன்று நம்பாத அந்த நிலத்தில் கும்பினி எப்படி நுழைந்தது என்பதுதான் கதை. கும்பினிப் படையிலேயே பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கு முகம் வரையாத புத்தகம் போரில் பாதியை விட்டுவிட்ட புத்தகம்.

நிலத்தை வரைவதில் என் பாராட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போகிறது: சிவகாசியிலிருந்து லயன்-முத்து காமிக்ஸ் தமிழில் தந்த கேப்டன் டைகர். சார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த பிரெஞ்சு வரிசை. 1963-இல் நவாஹோ கோட்டையில் தொடங்கியது. துப்பாக்கிக் காலத்துக் கற்பனைக் கதைதான். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம், பாறையிடுக்கில் யார் பதுங்கியிருக்கிறார்கள், கோட்டைக்குள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவு. அபாச்சேக்களுக்கும் நியாயம் உண்டு, குதிரைப்படைக்குள்ளும் கொடியவர்கள் உண்டு. அரிசோனாவின் பள்ளத்தாக்குகளைத் தமிழில் படித்தே வழி தெரிந்து வைத்திருக்கும் வாசகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஓட்டப்பிடாரத்துக் கரிசல்மேல் அப்படி ஒரு வழி நமக்கு இன்னும் போடப்படவில்லை.

கைத்திறன் இங்கே இல்லாமல் இல்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர் தீட்டப்பட்டிருக்கிறது. 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் பெற்ற வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பார்க்கலாம். சதுரமாக நெருங்கி நிற்கும் ஆங்கிலேயர், நடுவே பல்லக்கில் அவர்கள் தளபதி பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி. ஜெயித்தவர் வரையவைத்த படம் என்பதால் பெருமிதம் கூடுதலாகவே இருக்கும். இருந்தும் அந்த வண்டி வெடித்ததும் பெய்லியின் கதை முடிந்தது என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது. நான் கேட்கும் விளக்கம் அதுதான்.

சரக்குக்கும் பஞ்சமில்லை. வெல்ஷின் குறிப்பு எதிரியின் கண்ணால் பார்த்தது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் ஊர்மக்களின் குரல். மே 24-க்குப் பிறகு நடந்ததாக வெல்ஷ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி போதும். பிணங்களுக்கிடையே மகனைத் தேடி வந்த தாயிடம், குற்றுயிராய்க் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரவும், பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடுகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. அமர் சித்திரக் கதை வீரர்களின் உருவப்பட வரிசை. அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு, போர்ச் சித்திரக்கதை என்ற பட்டம் கிடையாது. ‘300’ ஓவியர்கள் படிக்க வேண்டிய புத்தகம். வரலாறு அறிய விரும்பும் பிள்ளையிடம் அதைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். மூன்றில் டைகரையே முதலில் வைக்கிறேன், அது வரலாறே இல்லை என்று தெரிந்தும். கட்டபொம்மனைத் தூக்குமரத்தடியில் நிறுத்தி 1799-உடன் முடித்துக்கொள்ளும் எந்தப் புத்தகமும், எவ்வளவு அழகாக அச்சிட்டு வந்தாலும், என் கணக்கில் அரைப் புத்தகம். மிச்சப் பாதி அந்த மண்சுவரிலும், அதன் கூட்டுக்குள் நின்ற ஈட்டிக்காரர்களிடமும், வெளியே உடைப்பில் ஏறி விழுந்த சிப்பாய்களிடமும் இருக்கிறது.