ஐம்பத்தெட்டு வயதில் பாலா

சச்சின் டெண்டுல்கர் 2013 நவம்பரில் வான்கடேயில் விடைபெற்றபோது வயது 40. கிரிக்கெட்டில் அதுவே நீண்ட ஆட்டம். ஒரு கட்டத்துக்கு மேல் கண் பார்த்த வேகத்துக்குக் கை வராது. இதே கணக்கை நடனக் கலைஞர்கள் மீதும் போட்டு, "வயசாச்சு, இனி எதுக்கு மேடை?" என்கிறோம். அது பாதிதான் சரி.

பரதநாட்டியத்தில் நிருத்தத்துக்கு, அதாவது தாளத்துக்கு ஆடும் தூய ஆட்டத்துக்கு, அது பொருந்தும். அரைமண்டி தளராமல் மூன்று காலத்திலும் அடவு, வர்ணத்தில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். முழங்கால்தான் முதலில் கைவிடும். இருபத்தைந்து வயதுக்காரரோடு ஐம்பதில் போட்டியிட முடியாது.

முகத்தாலும் கையாலும் பொருள் சொல்லும் அபிநயம் வேறு. பதத்தின் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் முகத்தில் புதிதாக ஒன்று பிறக்க வேண்டும். குரு சொல்லிக்கொடுத்த சஞ்சாரிகள், அதாவது அந்த வரிக்கான விரிவுகள், சீக்கிரம் தீர்ந்துவிடும். மீதியை ஆடுபவர் மேடையிலேயே கண்டெடுக்க வேண்டும். பதங்களை இயற்றிய க்ஷேத்ரக்ஞரின் நாயகி காதலனின் பொய்களைப் பலமுறை கேட்டுச் சலித்தவள். ஆனாலும் ஆசை விடவில்லை. பதினெட்டு வயதில் அந்தச் சலிப்பைக் காட்டலாம், உணர்த்துவது கடினம்.

இதற்குப் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1918-இல் பிறந்தவர், ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். அமெரிக்காவில் முதலில் ஆடியது 1962-இல், எடின்பரோ விழாவில் ஆடியது 1963-இல். அதாவது, சச்சின் ஓய்வுபெற்ற வயதைத் தாண்டிய பிறகே மேற்குலகம் அவரைக் கண்டது. சிறுவனாக இருந்தபோது கல்கத்தாவில் அவர் ஆடியதைப் பார்த்த சத்யஜித் ராய், 'பாலா' ஆவணப்படத்தை எடுத்தது 1976-இல். பாலாவுக்கு அப்போது 58.

படத்தில் கடற்கரைப் பகுதியைக் கவனியுங்கள். காற்று புடவையை அலைக்கழிக்கிறது. 'கிருஷ்ணா நீ பேகனே' பாடலுக்கு அவர் கண்ணனை அழைக்கிறார். பாய்ச்சல் இல்லை, வேகம் இல்லை. ஒரு கை, ஒரு பார்வை, அவ்வளவுதான். இல்லாத குழந்தை எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது! இளமையில் இதைவிட வேகமாக ஆடியிருப்பார். இதைவிட ஆழமாக ஆடியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

கதகளியிலும் இப்படித்தான். கலாமண்டலம் கோபி எண்பதைத் தாண்டியும் வேஷம் கட்டினார்.

சபா செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியில் ஐம்பது தாண்டியவர்களுக்கு மாலை மேடை கொடுங்கள். வர்ணமும் தில்லானாவும் கேட்காதீர்கள். ஒன்றரை மணி நேரம் பதமும் ஜாவளியும் மட்டும் ஆடச் சொல்லுங்கள்.