படமும் சிவப்பு மையும்

கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளி, மூன்றாம் வகுப்பு, மதிய வேளை. படக்கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை விரித்துப் பிடித்திருந்தேன். கொட்டகை, கட்டிய மாடு, வாசலில் ஒரு கிழவி. எழுத்து ஏதுமில்லை. "என்ன நடக்குது?" என்றேன்.

"மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல சார், அதான் கத்துது."

"ஆயாவுக்குக் கண்ணு தெரியாது."

"இல்லடா, மருமவகூட சண்ட. கோச்சிக்கினு ஒக்காந்திருக்கு."

கால்மணி நேரம் வகுப்பு ஓயவில்லை. சரி, எழுதுங்க என்றேன். நோட்டுகளில் வந்தது: 'இது மாடு. மாடு பால் தரும். மாடு வீட்டு விலங்கு.' கிழவியைக் காணோம், சண்டையைக் காணோம்.

ரோலான் பார்த் 1964இல் பன்சானி மாவுப்பண்ட விளம்பரம் ஒன்றை வாசித்துக் காட்டினார். மிதந்து திரியும் படத்தின் அர்த்தங்களுக்கு எழுத்து நங்கூரமிடுகிறது; அல்லது சித்திரக்கதைபோலப் படமும் எழுத்தும் கதையைக் கைமாற்றிக்கொள்கின்றன. நமது 'படம் பார்த்து எழுதுக' முதலாவதை மட்டுமே அறியும். படம் அங்கே ஒரு தூண்டில் புழு. பிடிபடுவது, ஏற்கெனவே மனப்பாடமான வாக்கியம். பேச்சில் 'கோச்சிக்கினு' என்றதைச் சிவப்பு மையால் அடித்தவர்களில் நானும் ஒருவன். எதை எழுதினால் அடி விழாது என்பதைத்தான் பிள்ளை முதலில் கற்கிறது.

பாவ்லோ ஃப்ரையரே 1960களின் தொடக்கத்தில் பிரேசிலில் படங்களை வைத்து முதலில் பேசவிட்டார், எழுத்து பிறகு. சில்வியா ஆஷ்டன்-வார்னர் மவோரிப் பிள்ளைகள் கேட்ட சொற்களையே அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே எழுதட்டும், விட்டுவிடலாமா? இந்த முற்போக்குச் சோம்பல் எனக்கு உடன்பாடில்லை. எழுத்துத் தமிழை வாங்கிக்கொண்டு போகத்தான் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. அதை மறுப்பதும் அதிகாரமே. பிரச்சினை, எது முந்தி என்பதில். வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் 2023இல் 'நுழை, நட, ஓடு, பற' என்று படி வைத்து வந்தன. எழுதுவதற்கும் ஒரு 'நுழை' வேண்டாமா?

அடுத்த வாரம் அவர்கள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். "நம்ம ஊரைப் பாக்காதவங்க படிக்கணும், எதை மாத்தலாம்?" என்றேன். 'கோச்சிக்கினு' எளிதாகக் 'கோபித்துக்கொண்டு' ஆயிற்று. 'தண்ணி காட்டல'வில் தகராறு. "நீர் அருந்தக் கொடுக்கவில்லை" என்றான் ஒருவன். "அப்புறம் மாடு எங்க இருக்குது சார்?" என்றாள் கடைசி வரிசைப் பெண்.

'தண்ணீர் காட்டவில்லை' என்றே வைத்துக்கொண்டோம்.